கேள்வி பதில்: பாட்டிலிருந்து மெஷினுக்குப் போன போலந்துக்காரர்

போன இதழில், மழை நாளில் கேட்க என்ன இசைத்தட்டு போடலாம் என்ற கேள்விக்குப் பதில் எழுதும்போது, செஸ்வாவ் நியெமென் என்ற போலந்துக்காரரின் 'கதார்சிஸ்' பற்றி நாலு வரி எழுதிவிட்டுப் போய்விட்டேன். பாடகராக ஊரே கொண்டாடிய மனிதர் மின்னணு வாத்தியங்களோடு தனியாக உட்கார்ந்து செய்த தட்டு, கேட்டுப் பாருங்கள் என்று. அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜையில் ஒரு சாண் உயரத்துக்குக் கிடக்கின்றன. பாதிப் பேர் 'யார் இவர்?' என்கிறீர்கள். இன்னும் கொஞ்சம் பேர் யூடியூபில் தேடிக் கேட்டுவிட்டு 'இதையா சொன்னீர்கள்?' என்று கோபப்படுகிறீர்கள். சரி, இந்த வாரம் சினிமாவுக்கும் அரசியலுக்கும் லீவு.

வாசகர், திருநெல்வேலி: நியெமென் பாடகரா, கீபோர்டு வாசிப்பவரா, இசையமைப்பாளரா? ஒரே வரியில் சொல்லுங்கள் சார், போதும்.

ஒரு வரியில் அடங்கமாட்டார், மன்னிக்கவும். 1939 பிப்ரவரி 16இல் ஸ்டாரே வசிலிஷ்கி என்ற கிராமத்தில் பிறந்தார். அவர் பிறந்தபோது அது போலந்து, போர் முடிந்தபோது சோவியத் யூனியன், இன்று பெலாரஸ். வீடு இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடுதான் நகர்ந்துகொண்டே இருந்தது. 1958இல், அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட போலந்துக்காரர்களைத் திரும்ப அனுப்பும் ஏற்பாட்டின் கடைசிக் கட்டத்தில், குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். பால்டிக் கடலோரத்து கதான்ஸ்க் நகரத்தில் இசைப்பள்ளியில் சேர்ந்து அவர் எடுத்துக்கொண்ட வாத்தியம் பசூன். ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் மரக்குழல், அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி ஒரு ஓசை. அதைப் படித்துக்கொண்டே மாணவர் மன்றத்தில் கிட்டாரை வைத்துக்கொண்டு தென் அமெரிக்கப் பாடல்கள் பாடிக்கொண்டிருந்தவரை, 1962இல் 'நீலம்-கறுப்பு' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு குழு இழுத்துக்கொண்டது. 1967இல் ஒப்போலே நகரத்துப் பாட்டு விழாவில் 'விசித்திரமானது இந்த உலகம்' என்ற பாட்டைத் தொண்டை கிழியப் பாடினார். அன்றோடு நாடு முழுக்கத் தெரிந்த பெயர். அந்தப் பாட்டின் பெயரிலேயே வந்த இசைத்தட்டுக்கு 1968இல் தங்கத்தட்டு (நிறைய விற்றதற்குத் தரும் விருது) கிடைத்தது, போலந்தில் அதுதான் முதல் தங்கத்தட்டு.

இதோடு நிறுத்தியிருந்தால் 'பாடகர்' என்று ஒரே சொல்லில் உங்களுக்குப் பதில் சொல்லியிருப்பேன். அவர் நிறுத்தவில்லை. ஹம்மண்ட் ஆர்கன், மெலோட்ரான், மூக் சிந்தசைசர் என்று மின்சாரத்தில் ஓசை எழுப்பும் கட்டை வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தன. 1976க்கு வரும்போது எல்லாவற்றையும் தானே வாசித்து, தானே பதிவு செய்து, பெரும்பகுதி வார்த்தையே இல்லாத ஒரு தட்டைக் கொண்டுவந்து வைக்கிறார்.

வாசகி, கும்பகோணம்: நியெமென் என்பது குடும்பப் பெயரா?

இல்லைங்க, ஆற்றின் பெயர். அவர் பிறந்த பக்கத்தில் ஓடும் ஆறு. உண்மையான குடும்பப் பெயர் விட்ஷிட்ஸ்கி. 1963 கடைசியில் அவருடைய குழு பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் பாடப் போன சமயத்தில், இந்தப் பெயரை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர் வாயில் எப்படி நுழைவது என்று மாற்றிக்கொண்டார். பசூன் படித்தவராயிற்றே, எந்த ஒலி எங்கே எடுபடும் என்று தெரிந்திருக்கும்.

வாசகர், கோவை: போன இதழில் 'கதார்சிஸ்' வந்த வருடம் 1975 என்று எழுதியிருந்தீர்கள். 1976 என்றுதான் எல்லா இடத்திலும் இருக்கிறது. சரிபார்க்காமல் எழுதலாமா?

எழுதக்கூடாது. தப்பு என்னுடையது. 1975இல் வந்தது 'ஏரோலித்', அதாவது விண்கல், அது குழுவோடு செய்தது. இரண்டும் என் அலமாரியில் ஒட்டி ஒட்டி நிற்கின்றன, கை ஒன்றை எடுத்தது, மனசு இன்னொன்றை எழுதியது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டையும் கேட்டால் ஒரு விஷயம் பிடிபடும். 'ஏரோலித்'தில் டிரம்ஸ், பாஸ், கிட்டார் எல்லாம் ஆட்கள் வாசிக்கிறார்கள், அவர் பாடுகிறார், அதுவும் யாருடைய வரிகள் பாருங்கள்: போலந்துக் கவிஞர் ஸ்பிக்னியெவ் ஹெர்பெர்ட்டின் 'கூழாங்கல்' கவிதை அதில் இருக்கிறது. பத்துப் பதினைந்து வரிக் கவிதை, ஒரு கூழாங்கல் எவ்வளவு முழுமையான பிராணி என்பதைப் பற்றி. ராக் தட்டில் அதைக் கொண்டுபோய் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். அடுத்த வருடம் 'கதார்சிஸ்'. 'புதிய நட்சத்திர மண்டலத்தின் கண்டுபிடிப்பு', 'பால்வீதி', 'பூமிக் கிரகம்' என்று தலைப்புகள் போகும், சுற்றிலும் ஆளே இல்லை. கடைசியில் ஒரு இரங்கல், 'பியோத்ரின் நினைவாக' என்று. 'ஏரோலித்'தில் டிரம்ஸ் வாசித்தவர் பெயர் பியோத்ர்.

வாசகர், சேலம்: கோபித்துக்கொள்ளாதீர்கள். கடவுள் அப்படி ஒரு குரலைக் கொடுத்திருக்கிறார், அதை வைத்துக்கொண்டு பாடாமல் ஏன் மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டும்? 'விசித்திரமானது இந்த உலகம்' கேட்டேன், அழுகையே வந்துவிட்டது. 'கதார்சிஸ்' பத்து நிமிடம் தாங்கவில்லை.

கோபம் எதற்கு, போலந்திலேயே அன்று நிறையப் பேர் இதைத்தான் கேட்டார்கள். கச்சேரியில் பழைய பாட்டைப் பாடு என்று கத்தும் கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஒன்று, நீங்கள் நினைப்பதுபோல் ஒரே ராத்திரியில் பாட்டிலிருந்து மெஷினுக்குத் தாவவில்லை. நடுவில் ஒரு படி இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பார்த்தால்தான் திடீர்ப் பைத்தியம்போலத் தெரியும்.

அந்தப் படி 1970இல் வந்த 'எனிக்மாடிக்'. முதல் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, 16 நிமிடத்துக்கு மேல். சைப்ரியன் நோர்வித் என்ற 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர், யூசெஃப் பெம் என்ற தளபதியின் நினைவாக எழுதிய இரங்கற்பா. பெம் 1850இல் சிரியாவின் அலெப்போவில் இறந்தவர். கவிதை அவருடைய இறுதி ஊர்வலத்தைக் கற்பனையாக நடத்திக்கொண்டு போகிறது, 'நிழலே, ஏன் கிளம்பிப் போகிறாய்' என்று கேட்கிற தொனியில் தொடங்கும். நியெமென் இதை எப்படிச் செய்தார் என்றால், ஆர்கனையும் கோரஸையும் பல நிமிடம் ஓடவிட்டு, 'இவர் பாடவே போவதில்லை போல' என்று நீங்கள் முடிவு கட்டும்போது குரலை இறக்குகிறார். தங்கத்தட்டு வாங்கிய பாடகர், தன் குரலுக்காகவே காசு கொடுத்து வாங்கிய ஆளைக் காத்திருக்க வைக்கிறார்! எனக்கு அங்கேதான் இவர்மேல் மரியாதை வந்தது. குரல் வந்த பிறகும் அது பாட்டு மாதிரி இல்லை, ஒப்பாரிக்குப் பக்கத்தில் போய், அங்கிருந்து பிரசங்கம் மாதிரி ஆகி, கடைசியில் வெறும் சத்தமாகக் கோரஸோடு கலந்துவிடுகிறது.

அப்புறம் 1972 வாக்கில் போலந்தின் தெற்கே உள்ள சிலேசியப் பகுதியிலிருந்து வந்த மூன்று இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். யூசெஃப் ஸ்க்ஷெக் என்பவர் தலைமையில் 'சிலேசியன் புளூஸ் பேண்ட்' என்று ஓடிக்கொண்டிருந்த மூவர், எஸ்பிபி என்பது அவர்களின் சுருக்கப் பெயர். (பின்னாளில் அதே மூன்று எழுத்துக்கு 'தேடு, உடை, கட்டு' என்று வரும் போலந்துச் சொற்களை விரிவாக வைத்துக்கொண்டார்கள், நல்ல மூளை.) இவர்களோடு செய்த தட்டுகளில் நீளமான, கரடுமுரடான, எங்கே போகிறது என்று தெரியாத பகுதிகள் நிறைய. 1974இல் நியூயார்க்கில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவில் இருந்த யான் ஹாமர், ரிக் லேர்ட் போன்றவர்களோடு ஆங்கிலத்தில் ஒரு தட்டு. மேற்கத்திய சந்தை வாசல்வரை போய்த் திரும்பி வந்தவர் என்று அதைப் பலர் வருத்தத்தோடு சொல்வார்கள். எனக்கு வருத்தமில்லை. ஆங்கிலத்தில் பாடும்போது அந்தக் குரலில் பாதிதான் கேட்கிறது.

உங்கள் கேள்விக்கு என் கட்சி இதுதான்: அவர் குரலை விட்டுவிட்டு மெஷினுக்குப் போகவில்லை. குரல் செய்ததையே மெஷினிடம் கேட்டார். மூக் சிந்தசைசரின் ஒற்றைச் சுரத்தை வளைத்து, தேய்த்து, ஒரு இடத்தில் நடுங்கவிட்டு அவர் கொண்டுபோவதைக் கேட்டால், பாடத் தெரிந்தவன் வாசிக்கிறான் என்று நம் காதுக்கே தெரியும், நமக்குத்தான் கமகம் பழக்கமாயிற்றே. பத்து நிமிடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள், பரவாயில்லை, இன்னொரு நாள் பதினோராவது நிமிடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

கல்லூரி மாணவர், திருச்சி: மெலோட்ரான், மூக் என்று எழுதுகிறீர்கள். இன்றைக்கு என் போனிலேயே இரண்டும் ஆப்பாக இருக்கிறது. அன்று அதில் என்ன பெரிய கஷ்டம்?

போனில் இருப்பது அவற்றின் ஃபோட்டோ. அசலைப் பிரித்துப் பார்க்கலாம்.

மெலோட்ரான் பார்க்க ஆர்மோனியத்துக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு பெட்டி. 400 என்ற மாடலில் 35 கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே தனித்தனியாக ஒரு துண்டு ஒலிநாடா, அதில் யாரோ ஒரு வயலின் கூட்டமோ புல்லாங்குழல்காரரோ கோரஸோ அந்த ஒரு சுரத்தை மட்டும் வாசித்துப் பதிவு செய்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், ஓசை வரும், ஆனால் நாடா எட்டு விநாடி நீளம்தான். அதற்குள் விரலை எடுக்காவிட்டால் ஓசை தானாக நின்றுவிடும். எடுத்ததும் ஸ்பிரிங் நாடாவைப் பழைய இடத்துக்கு வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். நாலைந்து கட்டையைச் சேர்த்து அமுக்கினால் மோட்டாருக்குச் சுமை கூடி சுருதி லேசாகத் தொங்கும். வெயில், ஈரம், வண்டியில் ஏற்றி இறக்குவது எதுவும் ஒத்துக்கொள்ளாது. அந்தத் தொங்கலும் நடுக்கமும்தான் மெலோட்ரான் கோரஸை ஏதோ கனவில் கேட்பதுபோல ஆக்குகிறது, ஆப்பில் அதை வேண்டுமென்றே சேர்த்துத் தருகிறார்கள்.

அன்றைய மூக் சிந்தசைசர்களில் பெரும்பாலானவற்றில் ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான் வரும். மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் மூன்று தடவை வாசித்து நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒரு ஓசையைப் பிடித்துவைக்க மெமரி எல்லாம் கிடையாது, திருகிகளை எந்தக் கோணத்தில் வைத்தோம் என்று காகிதத்தில் குறித்துக்கொண்டால் உண்டு. இதற்கு மேல் போலந்துக்காரருக்கு இன்னொரு தலைவலி: உள்ளூர்ப் பணமான ஸ்லோட்டியைக் கொடுத்தால் மேற்கில் யாரும் வாங்கமாட்டார்கள், டாலர் வேண்டும். வெளிநாட்டுக் கச்சேரியில் சம்பாதித்தால்தான் ஒரு சிந்தசைசரைக் கனவு காணவே முடியும். இப்படிச் சேர்த்த சாமான்களை வைத்துக்கொண்டு ஒருவர் தனியாக ஒரு முழுத் தட்டைக் கட்டி முடிக்கிறார் என்பதுதான் தம்பி அந்தப் 'பெரிய கஷ்டம்'.

வாசகர், புதுச்சேரி: கம்யூனிஸ்ட் நாட்டில், 'மக்களுக்குப் புரிகிற கலை'தான் வேண்டும் என்று சொன்ன ஆட்சியில், இந்த மாதிரி பரிசோதனை இசைக்கு எப்படி இடம் கிடைத்தது?

இடம் என்ன, அரசாங்கமே ஒரு ஸ்டூடியோ கட்டிக் கொடுத்தது! ஸ்டாலின் 1953இல் போய்ச் சேர்ந்தார், 1956 அக்டோபரில் வார்சாவில் ஆட்சி மாறி கொஞ்சம் காற்று வந்தது. அதே வருடம் 'வார்சா இலையுதிர்காலம்' என்ற நவீன இசைவிழா தொடங்கியது. 1957இல் யூசெஃப் பத்கோவ்ஸ்கி என்ற இசையியலாளர் போலந்து வானொலிக்குள் 'பரிசோதனை ஸ்டூடியோ'வை ஆரம்பித்தார். ஐரோப்பாவிலேயே முதலில் வந்த சில மின்னணு இசை ஸ்டூடியோக்களில் அது ஒன்று. வேடிக்கை என்னவென்றால், அதற்கு மேலிடத்தில் கதவு திறந்துவிட்டவர் வானொலித் தலைவர் சோகோர்ஸ்கி. இவர்தான் சில வருடங்களுக்கு முன்பு பண்பாட்டுத் துறையில் உட்கார்ந்துகொண்டு சோஷலிச யதார்த்தவாதம் தவிர வேறு எதுவும் கூடாது என்று கலைஞர்களை உருட்டி மிரட்டிக்கொண்டிருந்தவர். மனம் மாறினாரா, காற்று மாறியதா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. வானொலி நாடகத்துக்கும் சினிமாவுக்கும் கார்ட்டூனுக்கும் விதவிதமான ஓசை தேவைப்பட்டது. விண்வெளிக் கப்பலுக்கு வயலின் வாசித்தால் எடுபடாது. அந்தக் கூலி வேலையைச் செய்து கொடுத்த கையோடு, மிச்ச நேரத்தில் இசையமைப்பாளர்கள் தங்கள் சொந்தக் காரியத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

1962இல் ஒஸ்கார் ஹான்சென் என்ற கட்டடக்கலைஞர் அந்த ஸ்டூடியோவுக்கு வடிவமைத்துக் கொடுத்த அறையைக் 'கறுப்பு அறை' என்பார்கள். சுவர் முழுக்கத் திருப்பக்கூடிய பலகைகள், ஒரு பக்கம் ஒலியை உறிஞ்சும், திருப்பினால் மறுபக்கம் எதிரொலிக்கும். எதிரொலி வேண்டுமா, வேண்டாமா, எவ்வளவு வேண்டும் என்று கையாலேயே சுவரைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். நம்மூரில் கோயில் மண்டபத்தில் பாடினால் ஒரு மாதிரி, கல்யாணப் பந்தலில் பாடினால் ஒரு மாதிரி கேட்கும் இல்லையா, அந்த இரண்டையும் ஒரே அறைக்குள் வைத்துக் கட்டியிருந்தார் மனிதர்.

வாசகி, மதுரை: நியெமெனும் இந்த ஸ்டூடியோக்காரர்களும் ஒரே கூட்டமா?

இல்லை. அவர் ராக் மேடையிலிருந்து வந்தவர், இவர்கள் வானொலியில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த பொறியாளர்களும் அவர்களிடம் வந்துபோன இசையமைப்பாளர்களும். ஒரே நகரத்தில் இரண்டு வேறு வாசல். ஆனால் 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் ஒரு வேடிக்கை நடந்தது: தொடக்க விழாவுக்காகப் போலந்து இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கி ஒலிநாடாவில் செய்த இசை இந்த வார்சா ஸ்டூடியோவில் உருவானது, அதே ஒலிம்பிக்ஸை ஒட்டி மியூனிக்கில் நடந்த கச்சேரியில் நியெமெனும் தன் குழுவோடு வாசித்தார்.

பெண்டெரெட்ஸ்கியின் பெயர் உலகத்துக்கே தெரியும். அந்த நாடாவை உட்கார்ந்து வெட்டி ஒட்டியவர் பெயர் எவ்கெனியுஷ் ருட்னிக். இந்த மனிதரைப் பற்றி எழுத எனக்கு இன்னும் நாலு பக்கம் வேண்டும், ஆசிரியர் தரமாட்டார், அதனால் சுருக்கமாக.

ருட்னிக் 1932இல் பிறந்தவர், கிராமத்துப் பையன், படித்தது மின்னணுப் பொறியியல். இசைப்பள்ளிப் பட்டம் கிடையாது. 1950களின் கடைசியில் பரிசோதனை ஸ்டூடியோவில் சேர்ந்தார். இசையமைப்பாளர்கள் ஒரு யோசனையோடு வருவார்கள், சிலர் கையில் கோட்டோவியம் மாதிரி ஒரு காகிதம் இருக்கும். அதை ஓசையாக்குவது இவர் வேலை. வானொலியின் நாடா விநாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். ஆகவே அரை விநாடி ஓசை வேண்டுமென்றால் 19 சென்டிமீட்டர், ஸ்கேல் வைத்து அளந்து, பிளேடால் சாய்வாக வெட்டி, பசை நாடாவால் ஒட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் ஒரு ஓசை அடுத்ததற்குள் வழுக்கிக்கொண்டு போகும், நேராக வெட்டினால் 'டக்' என்று மாறும். தாளம் என்பது இவருக்கு நீளம், தையற்காரருக்குத் துணி மாதிரி. நார்வே இசையமைப்பாளர் ஆர்னே நூர்ட்ஹைம் 1960களின் கடைசியில் இங்கே வந்து இவரோடு வேலை செய்தார். 1970 ஒசாகா உலகக் கண்காட்சியின் ஸ்காண்டிநேவியக் கூடத்துக்காக, வெவ்வேறு நீளமுள்ள ஆறு நாடாச் சுருள்களை ஒரே சமயத்தில் சுற்றவிட்டார்கள். ஒவ்வொன்றும் வேறு நேரத்தில் தொடக்கத்துக்குத் திரும்புவதால், ஆறும் மறுபடி ஒரே புள்ளியில் சந்திக்க 102 வருடம் ஆகும் என்பது கணக்கு. கண்காட்சி நடந்ததோ ஆறு மாதம்.

பெரியவர்களுக்கு வெட்டிக் கொடுத்த நேரம் போக, ருட்னிக் தரையில் கிடந்ததைப் பொறுக்க ஆரம்பித்தார். செய்தி வாசிப்பவரின் இருமல், தடுமாற்றம், 'மன்னிக்கவும், மறுபடி' என்பது, யாருக்கும் வேண்டாம் என்று வெட்டித் தள்ளிய நாடாக் குப்பை. அதை ஒட்டி ஒட்டித் தன் சொந்தப் படைப்புகளைச் செய்தார். தட்டின் உறையில் பொறியாளர் என்று சின்ன எழுத்தில் வந்துகொண்டிருந்தவரை இசையமைப்பாளர் என்று சொல்ல ஊருக்கு ரொம்பக் காலம் பிடித்தது. 2016இல் காலமானார். ஸ்டூடியோவை 2004இலேயே மூடிவிட்டார்கள்.

வாசகர், ஈரோடு: உள்ளதைச் சொல்லுங்கள். இதெல்லாம் இசையா, சத்தமா?

என் வீட்டில் இதைப் போட்டால் சமையலறையிலிருந்து 'மிக்ஸியில் என்ன கோளாறு?' என்று குரல் வரும். ஆகவே உங்கள் தரப்பு எனக்குப் புதிதில்லை.

ஒரே ஒரு உதாரணம் தருகிறேன். வ்வோஜிமியெஷ் கொதோன்ஸ்கி என்பவர் 1959இல் அதே ஸ்டூடியோவில் செய்தது, மூன்று நிமிடம்கூட வராது. அதற்கான மூலப்பொருள் மொத்தமும் சிம்பல் தட்டில் விழுந்த ஒரே ஒரு அடி. அந்த ஒரு அடியைப் பதிவு செய்து, வடிகட்டிகளால் மேல் ஒலி தனி, அடி ஒலி தனி என்று பிரித்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வெவ்வேறு சுருதிக்குக் கொண்டுவந்து, துண்டுகளாக்கி அடுக்கியிருக்கிறார். மணி மாதிரி, தண்ணீர் சொட்டுவது மாதிரி, தூரத்து ரயில் மாதிரி என்னென்னவோ கேட்கும், எல்லாம் அந்த ஒரு தட்டுக்குள் ஏற்கெனவே இருந்தவை. ஹெட்போனில் கேட்டுவிட்டு எழுதுங்கள், சத்தம்தான் என்றால் நான் ஒத்துக்கொள்கிறேன். எல்லாமே நன்றாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்து நாடா இசையில் பாதி, பத்தில் எட்டுக்கூட இருக்கலாம், செய்தவருக்கு மட்டும் சுவாரசியமானது.

வாசகர், யாழ்ப்பாணம்: நியெமென் ராணுவ ஆட்சியை ஆதரித்தார் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

1981 டிசம்பர் 13இல் போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. பல கலைஞர்கள் அரசுத் தொலைக்காட்சியில் முகம் காட்டுவதில்லை என்று இருந்த நேரம். 1982இல் நியெமெனின் பேட்டி ஒன்று ஒளிபரப்பானது, ஆட்சியை ஆதரிக்கிறார் என்று பார்ப்பவருக்குத் தோன்றும்படி. பேசியதை வெட்டி ஒட்டிவிட்டார்கள் என்று கடைசிவரை சொன்னார். ஆனால் ஜனங்கள் பார்த்தது ஒட்டியதை. வாழ்நாளெல்லாம் நாடாவோடு புழங்கிய மனிதருக்கு இது நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். பழைய ரசிகர்களில் ஒரு பகுதி அத்தோடு விலகியது.

வாசகி, சென்னை: எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது? வரிசை சொல்லுங்கள்.

முதலில் 'விசித்திரமானது இந்த உலகம்', மூன்றரை நிமிடம்தான். அடுத்து 'எனிக்மாடிக்'கின் முதல் பக்கம், ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு. அப்புறம் 'ஏரோலித்', அதற்கும் அப்புறம்தான் 'கதார்சிஸ்'. போன இதழில் நேராக அதில் உங்களைத் தள்ளிவிட்டது என் தப்பு. 1978இல் வந்த 'இதே ஃபிக்ஸ்' இரட்டைத் தட்டு, நோர்வித் கவிதைகளோடு, அதை உயிர் என்று கொண்டாடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி போதும் என்று தோன்றும். எண்பதுகளின் சுறுசுறுப்பான சிந்தசைசர் வேண்டுமென்றால் மாரெக் பிலின்ஸ்கி இருக்கிறார், போலந்துக்காரர்தான், காரில் போகும்போது கேட்கத் தோதானவர்.

வாசகர், தூத்துக்குடி: கடைசிக் காலத்தில் என்ன செய்தார்?

கம்ப்யூட்டர் வந்ததும் அதில் இறங்கிவிட்டார், இசைக்கு மட்டுமில்லை, படம் வரையவும். 1989இல் ஒரு தட்டு, அடுத்த தட்டுக்கு 2001. பன்னிரண்டு வருட இடைவெளி, அவசரமே இல்லாத மனிதர். அந்தக் கடைசித் தட்டின் பெயர் 'தொப்பிமேகத்தடியிலிருந்து' என்பதுபோல் சொற்களையெல்லாம் ஒட்டி எழுதிய ஒரே நீளச் சொல், வெட்டி ஒட்டும் பழக்கம் தலைப்புக்கும் வந்துவிட்டது. 2004 ஜனவரி 17இல் வார்சாவில் புற்றுநோயால் இறந்தார்.

வாசகி, திண்டுக்கல்: போன இதழைப் படித்துவிட்டு, ப்ளஸ் டூ படிக்கும் என் மகன் மின்னணு இசை செய்யப் போகிறேன் என்று கீபோர்டு கேட்கிறான். விலையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள் அம்மா. வீட்டில் ஒரு பழைய தாம்பாளம் இருக்கும். விளிம்பில் படாமல் கயிற்றில் தொங்கவிட்டு, துணி சுற்றிய கரண்டியால் ஒரே ஒரு அடி, அடங்கும்வரை யாரும் பேசாமல் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒலியை வெட்டி ஒட்டும் இலவச மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன, அதில் போட்டு வேகத்தைப் பாதியாக்கட்டும், தலைகீழாகத் திருப்பட்டும், அடி விழுந்த அந்த முதல் கணத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கேட்கட்டும். ஒரு வாரம் கழித்தும் அதையே நோண்டிக்கொண்டிருந்தால் கீபோர்டு பற்றி யோசிக்கலாம். தாம்பாளம் வெண்கலமாகவோ பித்தளையாகவோ இருந்தால் நல்லது, எவர்சில்வர் சீக்கிரம் அடங்கிவிடும்.